தாலிம்கானா முதல் பாரிஸ் வரை: இந்திய மற்போரின் நூறாண்டுப் பாதை

நம் வீடுகளில் 'தஃலீம்' என்றால் இஷாத் தொழுகைக்குப் பின் குடும்பத்தார் வட்டமாக அமர்ந்து ஹதீஸ் நூல் வாசிப்பது. விருதுநகர்ப் பக்கத்து முதியவர்கள் சிலர் அதே சொல்லைச் சற்று வேறு ஒலியில், வேறு பொருளில் சொல்ல நாங்கள் கேட்டிருக்கிறோம். அவர்களுக்குத் 'தாலிம்' என்பது குஸ்தி பழகும் கூடம், தாலிம்கானா. கற்பித்தல் என்னும் ஒரே அரபுச் சொல்தான் பள்ளிவாசல் பாயிலும் குஸ்தி மண்ணிலும் போய் அமர்ந்திருக்கிறது. மகாராட்டிரத்தின் கோலாப்பூரில் இன்றும் மற்போர்க் கூடத்திற்கு 'தாலீம்' என்றே பெயர்.

இது ஒரு சொல்லோடு முடிந்துவிடவில்லை. குஸ்தியும் பயில்வானும் பாரசீகத்திலிருந்து வந்தவை. குஸ்தி ஆசிரியரைக் குறித்த 'வஸ்தாது' நம் உஸ்தாதேதான். சிலம்பத்தின் முதல் வரிசைக்குச் 'சலாம் வரிசை' என்று பெயர். அதற்காகத் தமிழருக்கு மற்போரை வெளியிலிருந்து வந்தவர்கள்தாம் கற்றுக்கொடுத்தார்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய செய்தி புறநானூற்றில் இருக்கிறது. பல்லவ மன்னன் 'மாமல்லன்' என்று பெயர் பூண்டான். இருந்த கலையோடு வந்த கலை கலந்தது. சொற்கள் அதற்குச் சாட்சியாக நிற்கின்றன.

இந்தக் கலையில்தான் நம் நாடு ஒலிம்பிக் அரங்கில் இதுவரை எட்டுப் பதக்கங்கள் பெற்றிருக்கிறது. எட்டும் 'ஃப்ரீஸ்டைல்' பிரிவில் வந்தவை. எதிராளியின் காலையும் பிடிக்கலாம், தன் காலையும் பயன்படுத்தலாம் என்பது அதன் விதி. இடுப்புக்குக் கீழே கை போகக் கூடாது என்பது கிரேக்க-ரோமானிய முறை. நம் மண் குஸ்தி முன்னதற்கே நெருக்கமானது. எட்டில் தங்கம் ஒன்றுகூட இல்லை. ஆயினும் இந்த எட்டுக்குப் பின்னால் இருப்பவர்களின் கதை நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அதில் நம் முன்னோர் சிலரின் பெயர்களும் உண்டு. அவை இப்போது அதிகம் பேசப்படுவதில்லை.

முதற்பெயர் காமா. குலாம் முஹம்மது என்னும் இயற்பெயர் கொண்ட இவர் 1878இல் பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில், காஷ்மீர வழிவந்த மல்லர் குடும்பத்தில் பிறந்தார். 1910இல் தம்பி இமாம் பக்ஷோடு லண்டன் சென்றபோது, உயரம் போதாது என்று போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். எந்த மூவர் வந்தாலும் முப்பது நிமிடத்தில் வீழ்த்துகிறேன் என்று காமா அறைகூவல் விடுத்தார். முதலில் அதை விளம்பரத் தந்திரம் என்றே எண்ணினார்கள். பின்னர் அமெரிக்க மருத்துவரும் மல்லருமான பெஞ்சமின் ரோலர் முன்வந்து தோற்றார். செப்டம்பர் 10 அன்று போலந்தின் ஸ்தானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவோடு போட்டி. உடல் எடையில் மிகப் பெரியவரான ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாக, பெரும்பாலும் குப்புறப் படுத்தே தற்காத்துக்கொண்டார். முடிவு எட்டப்படவில்லை. ஒரு வாரம் கழித்து மீண்டும் மோதுவதென்று ஏற்பாடு. குறித்த நாளில் ஸ்பிஸ்கோ வரவில்லை. 'ஜான் புல்' பட்டை காமாவின் கைக்கு வந்தது. 1928இல் பட்டியாலாவில் இருவரும் திரும்பவும் கோதாவில் இறங்கினார்கள். இம்முறை ஆட்டம் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஓர் இந்தியன் உலக மல்லன் என்று பட்டம் பெறுவது எப்படிப்பட்ட செய்தியாக இருந்திருக்கும் என்பதை இன்று நாம் கற்பனைதான் செய்து பார்க்க முடியும். நாட்டுப் பிரிவினையில் காமா லாகூரில் தங்கிவிட்டார். 1947 கலவரத்தில் தம் தெருவின் இந்துக் குடும்பங்களுக்கு அவர் அரணாக நின்றார் என்று சொல்லப்படுகிறது. 1960இல் காலமானார். (பாகிஸ்தானின் பிரதமராக இருந்த நவாஸ் ஷரீஃபின் துணைவியார் குல்சூம், காமாவின் மகள்வழிப் பேத்தி.)

அடுத்த பெயர் ரஷீத் அன்வர். காமாவை அறிந்தவர்களும் இவரை அறிந்திருப்பது அரிது. 1934இல் லண்டனில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டிகள்தாம் இன்றைய காமன்வெல்த் போட்டிகளின் முன்வடிவம். இந்தியா அதில் பங்கேற்றது அதுவே முதல் முறை. கிடைத்தது ஒரே ஒரு பதக்கம்: மற்போரில் ரஷீத் அன்வர் வென்ற வெண்கலம். காமன்வெல்த் போட்டிகளில் இந்தியா பதக்கங்களைக் குவிக்கும்போதெல்லாம் பத்திரிகைகள் பட்டியல் போடுகின்றன. அந்தப் பட்டியலின் முதல் வரி இவர்தாம். 1936 பெர்லின் ஒலிம்பிக்கிலும் இவர் களம் கண்டார். பொது அறிவுப் போட்டிகளுக்கு வினாக்கள் தயாரிக்கும் நம் மதரஸா ஆசிரியர்கள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளலாம்.

பிரிவினை மற்போரையும் இரண்டாகப் பிளந்தது. லாகூர், குஜ்ரான்வாலா அகாராக்கள் அந்தப் பக்கம் போயின. அங்கிருந்து முஹம்மது பஷீர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். இந்தப் பக்கம் மன்னர்களின் ஆதரவு மறைந்து, மல்லர்கள் போலீஸ், ரயில்வே, இராணுவ வேலைகளைத் தேடிப் போனார்கள்.

அந்தக் காலத்தில் எழுந்தவர் கசாபா தாதாசாகேப் ஜாதவ். இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1926இல் சத்தாரா மாவட்டம் கோளேஷ்வர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கிற்குக் கோலாப்பூர் மன்னர் பண உதவி செய்தார். அதுவரை மண்ணில் மட்டுமே மோதிப் பழகியவர், அங்கே விரிப்பில் நின்று ஆறாம் இடம் பெற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கி செல்லத் தேர்வானபோது கையில் பணம் இல்லை. ஊரார் வீடு வீடாகத் திரட்டிக் கொடுத்தார்கள். அவர் படித்த ராஜாராம் கல்லூரியின் முதல்வர் கர்டேகர், தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் தந்தார். ஆசிரியர் ஒருவர் மாணவனுக்காக இருக்கும் கூரையையே அடகு வைத்த செய்தி எங்களை எப்போதும் நிறுத்தி யோசிக்க வைக்கிறது. நம் ஊர்களில் பிள்ளையின் மருத்துவப் படிப்புக்கு வீட்டை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். விளையாட்டுக்கு, அதுவும் பிறர் பிள்ளைக்கு?

ஹெல்சிங்கியில் ஜாதவ் கனடா, மெக்சிகோ, ஜெர்மனி நாட்டு மல்லர்களை வென்றார். பின்னர் சோவியத் நாட்டின் ரஷீத் மமெத்பேயோவிடமும் ஜப்பானின் இஷீயிடமும் தோற்று, 57 கிலோ பிரிவில் வெண்கலம் பெற்றார். இரு போட்டிகளுக்கு இடையே அவருக்கு உரிய ஓய்வு தரப்படவில்லை என்றும், அதைத் தட்டிக் கேட்க இந்திய அதிகாரி எவரும் அரங்கில் இல்லை என்றும் சொல்வார்கள். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. ஊர் திரும்பியவரை நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஊர்வலமாக அழைத்துச் சென்றன. அவர் முதலில் செய்த காரியம், குஸ்திப் பந்தயங்கள் நடத்திப் பணம் திரட்டி ஆசிரியரின் வீட்டை மீட்டது. 1955இல் போலீஸ் உதவி ஆய்வாளர் ஆனார். 1984இல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது அவர் இறந்த பின்புதான் வந்தது.

ஜாதவுக்குப் பின் அடுத்த ஒலிம்பிக் மற்போர்ப் பதக்கத்துக்கு நாடு 56 ஆண்டுகள் காத்திருந்தது. இடையில் வெற்றிகளே இல்லாமல் போகவில்லை. உதய்சந்த் 1961இல் யோகோஹாமா உலகப் போட்டியில் வெண்கலமும், பிஷம்பர் சிங் 1967இல் தில்லியில் வெள்ளியும் வென்றனர். 1962 ஜகார்த்தா, 1978 பாங்காக், 1982 தில்லி, 1986 சியோல் ஆசியப் போட்டிகளில் தங்கம் வந்தது. ஆனால் ஒலிம்பிக் மேடை மட்டும் எட்டவில்லை. காரணம் பெரிதும் காலடியில்தான் இருந்தது. மண் குஸ்தியில் எதிராளியின் முதுகை மண்ணில் சாய்த்தால் வெற்றி, புள்ளிக் கணக்கு இல்லை, அவசரமும் இல்லை. விரிப்பில் இரண்டு மூன்று நிமிடச் சுற்றுகள். ஒவ்வொரு பிடிக்கும் புள்ளி. பொறுமையாகக் காத்திருந்து வீழ்த்தப் பழகியவருக்கு, எதிராளி நான்கு புள்ளி எடுத்த பின்பே ஆட்டம் தொடங்கியதுபோல் இருக்கும். பயிற்சிக் கூடங்களுக்கு விரிப்புகள் பரவலாகப் போய்ச் சேரவே பல ஆண்டுகள் பிடித்தன. இக்காலத்தில் நம் பாட்டனார் தலைமுறைக்குக் குஸ்தி என்றால் தாராசிங்கும் கிங்காங்கும்தான். அது காட்சி, போட்டி அன்று.

2008 பெய்ஜிங்கில் சுஷீல் குமார் வெண்கலம் வென்றபின் கதவு திறந்தது. தில்லி சத்ரசால் அரங்கில் சத்பால் சிங்கிடம் பயின்றவர் அவர். 2010இல் உலக வாகையர். 2012 லண்டனில் வெள்ளி. அதே லண்டனில் யோகேஷ்வர் தத் வீங்கி மூடிய கண்ணோடு வெண்கலம் வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் ரவி தஹியா வெள்ளியும் பஜ்ரங் புனியா வெண்கலமும் பெற்றனர். ரவி இறுதியில் தோற்றது தாகெஸ்தானின் ஸவூர் உகுயேவிடம். காகசஸ் மலைகளில் உள்ள அந்தச் சிறிய முஸ்லிம் பகுதி உலக ஃப்ரீஸ்டைலுக்குத் தந்திருக்கும் வாகையர்களின் கணக்கு தனிக் கட்டுரைக்கு உரியது.

சுஷீலின் கதை அங்கே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2021இல் இளம் மல்லர் ஒருவரின் கொலை வழக்கில் அவர் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் சொல்ல வேண்டியதை நாம் முந்திச் சொல்வது முறையன்று. ஆனால் அந்தச் செய்தி வந்த நாளில் எங்களுக்கு நினைவு வந்தது, அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் புகழ்பெற்ற நபிமொழி. பிறரை மல்லில் வீழ்த்துபவனை அன்று, சினத்தின்போது தன்னை அடக்கிக்கொள்பவனையே பலசாலி என்று நபி (ஸல்) அவர்கள் அடையாளம் காட்டினார்கள். இதைச் சொன்னவர்கள் மற்போரை அறியாதவர்கள் அல்லர். மக்காவின் பெருமல்லர் ருகானாவை நபியவர்கள் மோதி வீழ்த்திய செய்தி அபூதாவூத், திர்மிதி நூல்களில் உண்டு. அதன் அறிவிப்புத் தொடர் வலுவானதன்று என்று இமாம் திர்மிதியே குறிப்பிட்டிருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

பெண்கள் வந்த கதை வேறு. 2016 ரியோவில் சாக்ஷி மாலிக் ஐந்து புள்ளிகள் பின்தங்கி நின்று, கடைசி நொடிகளில் 8-5 என்று வென்று வெண்கலம் பெற்றார். இந்தியப் பெண் ஒருவர் மற்போரில் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அதே சாக்ஷி 2023இல் வினேஷ் போகாட், பஜ்ரங் ஆகியோரோடு தில்லி ஜந்தர் மந்தர் நடைபாதையில் அமர்ந்தார். கூட்டமைப்பின் தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறி நீதி கேட்ட போராட்டம் அது; அவர் புகாரை மறுத்தார். அவ்வாண்டு இறுதியில் சாக்ஷி காலணிகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு விளையாட்டிலிருந்து விலகினார். பெண் பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பத் தயங்கும் நம் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் உடையைப் பற்றியே நடக்கிறது. உடை பற்றி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். பயிற்சிக் கூடத்தில் பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டா, புகார் சொன்னால் கேட்பார் உண்டா என்ற கேள்வியை எவரிடம் கேட்பது? அது எல்லாச் சமூகத்துப் பெற்றோருக்கும் உரிய கேள்வி.

2024 பாரிஸ். 50 கிலோ பிரிவில் வினேஷ், சர்வதேசப் போட்டிகளில் அதுவரை தோல்வியே காணாத ஜப்பானின் யூயி சுசாகியை வென்று, இறுதிப் போட்டி வரை போனார். மறுநாள் காலை எடை பார்த்தபோது நூறு கிராம் கூடுதல். தகுதி நீக்கம் செய்தார்கள், பதக்கம் ஏதுமில்லை. விருதுநகர் மிளகாய் வற்றல் மண்டியில் நூறு கிராமை எவரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இரவெல்லாம் ஓடியும், வியர்வை சிந்தியும், முடியை வெட்டியும் குறைக்க முடியாத அந்த நூறு கிராமைப் பற்றி அன்று எங்கள் கடைத்தெருவில் பேசாதவர் இல்லை.

அடுத்த நாள் இருபத்தொரு வயது அமன் ஷெராவத், 57 கிலோ அரையிறுதியில் தோற்றார். ஜஜ்ஜார் மாவட்டக் கிராமத்துப் பிள்ளை. பதினொரு வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து சத்ரசால் விடுதியில் வளர்ந்தவர். அரையிறுதிக்குப் பின் அவர் எடை 61.5 கிலோவாக ஏறியிருந்தது. பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைக்க வேண்டும். பயிற்சியாளர்கள் உறங்கவில்லை. நள்ளிரவைத் தாண்டியும் ஓட்டம், வெந்நீர்க் குளியல், நீராவி. விடியலில் எடை 56.9 கிலோ. ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை, புவேர்ட்டோ ரிக்கோவின் டேரியன் குரூஸை 13-5 என்று வென்று வெண்கலம் பெற்றார். ஜாதவ் நின்ற அதே 57 கிலோ.

அன்றிரவு சிவகாசிப் பக்கம் எங்கோ ஒரு சரவெடி வெடித்தது. நாட்டில் எந்த வெற்றிக்கு வெடிக்கும் பட்டாசும் பெரும்பாலும் எங்கள் மாவட்டத்து மக்களின் கையில் உருவானதுதான்; தொழிலுக்காக வெடித்துப் பார்த்தார்களா, அமனுக்காக வெடித்தார்களா என்று சொல்ல முடியாது. மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் தாலிம் பற்றிச் சொன்ன பெரியவர்களில் ஒருவரிடம் செய்தியைச் சொன்னோம். பையனுக்கு எத்தனை வயது, யாரிடம் பழகினான் என்று கேட்டார். பிறகு, வஸ்தாது பெயரையும் சேர்த்துப் பேப்பரில் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார்.