நடமாடும் வீட்டில் நெருப்பு: கேரவன் ஹீட்டரின் வரலாறு

தண்டலத்திலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பட்டையில் வண்டிக்குள் ஹீட்டர் தேவைப்படும் நாள் ஒன்றுகூட இல்லை. ஆனால் இங்கே உருவாகும் சேசிஸ்கள் மலையேறுகின்றன. 2021இல் கேரளத்தின் 'கெரவன் கேரளா' திட்டத்துக்காக அறிமுகமான பாரத்பென்ஸ் சுற்றுலாக் கேரவன், ஒரகடம் ஆலையின் 1017 பேருந்துச் சேசிஸின் மேல் கட்டப்பட்டது. இத்தகைய வண்டிகள் லடாக் வரை போகத் தொடங்கினால், வெளிநாட்டில் கழித்துவிட்ட பழைய புரோப்பேன் ஹீட்டர்களைப் பொருத்தலாமா என்ற கேள்வி எழும். விடை அந்தக் கருவியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

அமெரிக்க வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங் 1913இல் காப்புரிமை பெற்ற பின் புரோப்பேன் உருளைகளில் அடைபட்டு ஊர் ஊராகப் போயிற்று. தொடக்ககால ஹீட்டர்கள் பல, அறைக் காற்றையே எடுத்து எரித்துப் புகையையும் அறைக்குள்ளேயே விட்டன. ஓட்டை உடைசலான பழைய வீட்டில் அது தாங்கும். குளிருக்குப் பயந்து சன்னலை இறுக மூடிய வண்டியில் ஆக்சிஜன் குறையும். கார்பன் மோனாக்சைடு பெருகும். சமையல் எரிவாயுவில் மெர்காப்டன் கலப்பதால் கசிவை மூக்கு கண்டுகொள்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை, தூங்குபவர் விழிப்பதில்லை.

ஜெர்மனியின் ட்ரூமா நிறுவனம் 1961இல் கொண்டுவந்த கேரவன் ஹீட்டர் இதற்கு வழி காட்டியது. எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வரும், புகை வெளியே போகும். அறைக்குள் வருவது சூடு மட்டுமே. பின்னர் ஆக்சிஜன் குறைந்தால் ஹீட்டரைத் தானே அணைக்கும் உணர்விகளும், எப்போதும் எரியும் பைலட் சுடருக்குப் பதில் மின்பொறியும் சேர்ந்தன. நெருப்பை மனிதர் மூச்சிலிருந்து பிரித்ததே இந்த வளர்ச்சியின் சாரம்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1965இல் கல்கத்தாவில் இண்டேன் வழங்கத் தொடங்கிய சமையல் உருளையில் இருப்பது தனிப் புரோப்பேன் அல்ல, பியூட்டேனும் கலந்தது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும். பியூட்டேன் சுழியத்தை ஒட்டியே அடங்கிவிடும். கடுங்குளிரில் முதலில் புரோப்பேன் தீர, உருளையில் திரவம் மிச்சமிருக்கும்போதே சுடர் சோர்ந்துவிடும். ஹீட்டர் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் நம் சிலிண்டர் கைவிடுகிறது. புரோப்பேனுக்கு அளவிட்ட ஹீட்டரின் ஜெட் துளையும் நம் கலவைக்கு ஒத்துவருமா என்று சோதித்தே தீரவேண்டும்.

பழையதை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது வெப்பம் மாற்றும் உலோகக் கூட்டை. துருவோ விரிசலோ இருந்தால் அதைத் தொடவே கூடாது. புகை அந்த வழியே அறைக்குள் வரும். புரோப்பேன், பியூட்டேன் இரண்டும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டி அறையிலிருந்து முற்றிலும் அடைபட்டு, அடியில் வெளித்திறப்போடு இருக்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்ப்பது கட்டாயம்.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் மூண்ட தீயில் 9 பேர் இறந்தனர். அது சமையலுக்கான சிலிண்டர்தான். ஆனால் மூடிய பெட்டியில் வாயு என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கேரவன்களுக்கென ஏஐஎஸ்-124 தரநிலை உள்ளது. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஆய்வு மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. அறைக் காற்றை எரிக்கும் பழைய ஹீட்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், ஆட்கள் உறங்கும் வண்டியில் அதைப் பொருத்தக் கூடாது. பாடி கட்டுவோர் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.