செயல்திட்டத்துக்கு யார் மதிப்பெண் போடுவது?

மேல்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் மாணவர் ஒரு சிக்கலை எடுத்து, அதற்கு நிரல் எழுதி, ஓட்டிக் காட்டி முடிக்கும்படி ஒரு கணினிப் பாடத்தைத் திட்டமிட உட்காரும் குழு, பெரும்பாலும் கருவிகளிலிருந்துதான் பேச்சைத் தொடங்கும். எந்த நிரல்மொழி, எத்தனை கணினி, வாரத்துக்கு எத்தனை பீரியட். மாணவர் செய்ததை யார் மதிப்பிடுவது, எதைப் பார்த்து மதிப்பிடுவது என்ற கேள்வி கடைசிக் கூட்டத்தில், எல்லோரும் பையைத் தூக்கும் நேரத்தில் வரும். இந்த வரிசை தலைகீழானது. இங்கிலாந்தின் பள்ளிக் கணினிக் கல்வி கடந்த நாற்பது ஆண்டுகளில் பலமுறை கட்டப்பட்டு இடிக்கப்பட்ட கதையைப் படித்தால் இது விளங்கும். இயந்திரம் பழையது, பாடம் பழையது, ஆசிரியருக்குத் தெரியவில்லை என்றெல்லாம் அந்த இடிபாடுகளுக்குக் காரணம் சொன்னார்கள். அவையும் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் விரிசல் கண்ட இடம் மதிப்பீடு.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1980இல் அந்நாட்டு அரசு பள்ளிகளுக்கான நுண்மின்னணுக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. 1981 டிசம்பரில் கேம்பிரிட்ஜின் ஏக்கார்ன் நிறுவனம் தயாரித்த பிபிசி மைக்ரோ வெளிவந்தது. அடுத்த மாதமே பிபிசி தொலைக்காட்சியில் கணினி பற்றிய தொடர் ஒளிபரப்பானது. விலை குறைந்த மாடல் 235 பவுண்டு, மற்றது 335. மேல்நிலைப் பள்ளி ஒரு கணினி வாங்கினால் பாதி விலையைத் தொழில்துறை அமைச்சகம் ஏற்றுக்கொண்டது. கல்வி அமைச்சகம் அல்ல, தொழில்துறை அமைச்சகம் என்பது அன்றைய அவசரம் எதுவென்று காட்டுகிறது. அந்த இயந்திரத்தை இயக்கியதும் திரையில் வருவது பேசிக் மொழி காத்திருக்கும் வெறும் குறி. எதையாவது எழுதினால்தான் அது எதையாவது செய்யும். 1984இல் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது இங்குள்ள பள்ளிகளுக்கு வந்ததும் இதே பிபிசி மைக்ரோதான்.

அந்தக் காலத்தின் மிகப் பெரிய பள்ளிச் செயல்திட்டம் 1986இல் முடிந்தது. இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னர் நாட்டின் நிலத்தையும் உடைமையையும் கணக்கெடுத்துத் தொகுத்த டூம்ஸ்டே ஏட்டுக்கு அப்போது 900 ஆண்டு நிறைவு. நாட்டை நான்கு கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, அந்தந்தக் கட்டத்தை அந்தந்தப் பகுதிப் பள்ளிகளிடம் ஒப்படைத்தார்கள். பிள்ளைகள் தெருவில் இறங்கிக் கடைகளை எண்ணினார்கள், பெரியவர்களைப் பேட்டி கண்டார்கள், படம் எடுத்தார்கள், எல்லாவற்றையும் பிபிசி மைக்ரோவில் தட்டச்சு செய்தார்கள். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பங்கேற்றதாகக் கணக்கு. தொகுப்பு லேசர் வட்டில் ஏறியது. அதைப் படிக்கும் கருவியின் விலை பெரும்பாலான பள்ளிகளுக்கு எட்டவில்லை என்பதும், பதினைந்து ஆண்டுக்குள் அந்த வட்டையே படிக்க ஆளும் கருவியும் அரிதாகி, ஆய்வாளர்கள் போராடி மீட்க வேண்டியிருந்தது என்பதும் தனிக் கதை. இது வெறும் தரவு உள்ளீடு, நிரலாக்கம் எங்கே என்று கேட்கலாம். கேள்வி சரியே. ஆயினும் எதைச் சேகரிப்பது, எந்த வடிவில் வைப்பது, இருபது பக்க வரம்புக்குள் எதை விடுவது என்று முடிவெடுப்பது பயன்பாட்டுக் கணினியியலின் பாதி வேலை. அதைப் பிள்ளைகள் செய்தார்கள். அதற்குத் தேர்வும் இல்லை, தரவரிசையும் இல்லை.

1988இல் கல்விச் சீர்திருத்தச் சட்டம் வந்தது, தேசியப் பாடத்திட்டம் வந்தது, 1990களில் பள்ளிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பட்டியலிட்டு வெளியிடும் வழக்கமும் வந்தது. கணினிப் பாடம் ‘தகவல் தொடர்பு தொழில்நுட்பம்’ என்று பெயர் மாறியது. பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் ஐந்து பாடங்களில் நல்ல தரம் பெற்றவர்கள் எத்தனை சதவீதம் என்பதே பள்ளியின் மானமாகிவிட்ட நிலையில், ஜிஎன்விகியூ என்ற தொழிற்பாடத்தின் ஒரு தேர்ச்சி நான்கு ஜிசிஎஸ்இ தேர்ச்சிக்குச் சமம் என்று அரசு கணக்கு வகுத்தது. தகவல் தொழில்நுட்பப் பிரிவில் அதை எடுப்பது எளிது. ஒரு பள்ளி அந்தப் பாடத்தை இணையவழிப் பாடமாக்கி மற்றப் பள்ளிகளுக்கு விற்று லட்சக்கணக்கான பவுண்டு ஈட்டியது. 2005இல் வந்த ‘டிடா’ பட்டயத்தில் எழுத்துத் தேர்வே கிடையாது. முழுவதும் செயல்திட்டம், முழுவதும் மின்தொகுப்பு. திட்டமிட்டவர்களின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே பணி, தேர்ச்சி பெற்றால் நான்கு பாட மதிப்பு, தேர்ச்சியைப் பொறுத்துப் பள்ளியின் இடம் என்ற மூன்றும் ஓரிடத்தில் கூடின. பிறகு நடப்பது மதுரையிலும் மான்செஸ்டரிலும் ஒன்றுதான். ஆசிரியர் மதிப்பெண் பட்டியலைப் பிரித்து, பிள்ளை டிக் அடிக்க வேண்டிய வரிகளாக மாற்றித் தருவார். நம் ஊர் ரெக்கார்டு நோட்டின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

2011இல் இதன்மேல் நாலாபக்கமும் அடி விழுந்தது. விளையாட்டு மென்பொருள் துறையின் சார்பில் இயன் லிவிங்ஸ்டனும் அலெக்ஸ் ஹோப்பும் எழுதிய அறிக்கை, தொழிற்கல்வி பற்றி அலிசன் வுல்ஃப் எழுதிய அறிக்கை, எடின்பரோவில் கூகுளின் எரிக் ஷ்மிட் ஆற்றிய உரை என வரிசையாக வந்தன. 2012 ஜனவரியில் கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் பழைய பாடத்திட்டத்தை விலக்குவதாக அறிவித்தார். அதே வாரம் ராயல் சொசைட்டியின் அறிக்கை வெளிவந்தது. அக்குழுவின் தலைவர் ஸ்டீவ் ஃபர்பர், முப்பது ஆண்டுக்கு முன் பிபிசி மைக்ரோவை வடிவமைத்தவர்களில் ஒருவர். பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு இதுதான்: பிள்ளைகளுக்கு வேர்டும் பவர்பாயின்டும் கற்றுக்கொடுத்து வீணாக்கினார்கள், பிறகு விழித்துக்கொண்டு நிரலாக்கத்தைக் கொண்டுவந்தார்கள். இதில் பாதிதான் உண்மை. இவர்களில் வுல்ஃப் ஒருவரே சமமதிப்புக் கணக்கில் கைவைத்தார். அதன்பின் தரவரிசையில் எண்ணப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்படிப்புகளை அரசு 125 ஆகக் குறைத்தது. மற்றவர்கள் பேசியது பாடப்பொருளைப் பற்றி.

பாடப்பொருள்தான் நோய் என்றால், அதை மாற்றியதும் நோய் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 2010இல் சோதனையாகத் தொடங்கி, பின் நாடெங்கும் பரவிய ஜிசிஎஸ்இ கணினி அறிவியலில் பவர்பாயின்ட் இல்லை. அசல் நிரலாக்கம் இருந்தது. ஓசிஆர் தேர்வு வாரியத்தின் முதல் பாடத்திட்டத்தில் 60 சதவீத மதிப்பெண் பள்ளிக்குள் செய்யும் பணிகளுக்கு. 2016இல் திருத்திய பாடத்திட்டத்தில் அது 20 சதவீதமாகவும் 20 மணி நேரப் பணியாகவும் சுருங்கியது. பணியை வாரியமே தந்தது, எல்லோருக்கும் பொதுவாக. 2017 முடிவதற்குள் அந்தப் பணிகளும் அவற்றுக்கான விடைகளும் இணையத்தில் பரவி, ஆயிரக்கணக்கில் பார்க்கப்பட்டிருந்தன. 2018 ஜனவரியில் தேர்வு ஒழுங்குமுறை அமைப்பு ஒரு விசித்திரமான தீர்ப்பைத் தந்தது: மாணவர்கள் 20 மணி நேரப் பணியைச் செய்தே ஆக வேண்டும், ஆனால் அதற்கு மதிப்பெண் கிடையாது. 2022 முதல் முழு மதிப்பெண்ணும் தேர்வு அறைக்குள்தான். சில வாரியங்கள் அங்கே கணினியில் நிரல் எழுதவைக்கின்றன, மற்றவை தாளில். பவர்பாயின்டைக் கெடுத்த அதே சேர்க்கை நிரலாக்கத்தையும் கெடுத்தது. பொதுப் பணியும் உயர்ந்த பந்தயமும் கூடினால், உள்ளே எந்தப் பாடத்தை வைத்தாலும் பயனில்லை.

இதே நாட்டில், இதே வாரியங்களின்கீழ், பிளஸ் டூவுக்கு நிகரான ஏ-லெவல் கணினி அறிவியலில் செயல்திட்டம் பிழைத்திருக்கிறது. அங்கும் 20 சதவீதம்தான், அங்கும் பள்ளி ஆசிரியரே முதலில் மதிப்பிடுகிறார், வாரியம் மாதிரி எடுத்துச் சரிபார்க்கிறது. பெரிய வேறுபாடு ஒன்று: சிக்கலைத் தேர்வது மாணவர். ஒருவர் பாட்டியின் மருந்து நேரத்துக்கு நிரல் எழுதினால் அடுத்தவர் கோள்களின் சுற்றுப்பாதையை வரைகிறார். திருட விடைத்தாள் இல்லை. இது எப்படி நியாயமாகும், வெவ்வேறு சிக்கலை ஒரே தராசில் எப்படி நிறுப்பது என்பது கனமான மறுப்பு. தராசே ஒன்றல்ல என்பதே என் பதில். ஏக்யூஏ வாரியம் 75 மதிப்பெண்ணில் 42ஐ நிரலுக்கே தருகிறது. மதிப்பாய்வுக்கு நான்கு மட்டும். ஓசிஆர் 70இல் 25ஐ உருவாக்கத்துக்கும் 20ஐ மதிப்பாய்வுக்கும் தருகிறது. ஒரே வேலைக்கு இரண்டு வாரியங்கள் இரண்டு விலை வைக்கின்றன, இரண்டையும் பல்கலைக்கழகம் ஏற்கிறது. முழுச் சமநிலை எப்போதும் இருந்ததில்லை. அதற்காகப் பொதுப் பணியைத் திணித்தபோது கிடைத்ததோ 2017.

இன்னொரு மறுப்பை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. முப்பது மாணவர் முப்பது சிக்கல் எடுத்தால் ஓர் ஆசிரியர் என்ன செய்வார்? ராயல் சொசைட்டி அறிக்கை வந்தபோது பள்ளிகளில் கணினிப் பாடத்தை நடத்தியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே துறை பயின்றவர்கள். ஏ-லெவல் வகுப்பு சிறிது, அதனால் தாங்குகிறது. பெரிய வகுப்பில் சிக்கலைத் தேரும் சுதந்திரத்துக்கு வேலி போட்டே ஆக வேண்டும்: ஒரே தரவுத்தொகுப்பு, வெவ்வேறு கேள்வி; அல்லது நான்கைந்து வகைச் சிக்கல், ஒவ்வொன்றிலும் மாணவரின் சொந்தப் பயனர். இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, சொந்தச் சிக்கல் என்ன காப்பாற்றும் என்ற கேள்விக்கு இந்த வேலி போதாது. அமெரிக்காவின் ஏபி கணினி அறிவியல் கோட்பாடுகள் பாடம் 2024இல் அதற்கு ஒரு வழி செய்தது. நிரலை மாணவர் வகுப்பில் உருவாக்குகிறார். அதைப் பற்றிய விளக்கத்தை முன்புபோல முன்கூட்டியே எழுதி அனுப்ப முடியாது. தேர்வு நாளன்று, தன் நிரலின் பகுதிகளைக் கண்முன் வைத்து, அதைப் பற்றிய கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். செய்தது யார் என்று துப்பறிவதை விட்டுவிட்டு, செய்ததைப் புரிந்திருக்கிறாரா என்று கேட்கிறார்கள். நம் கல்லூரிகள் வைவா என்று காலங்காலமாக நடத்துவதும் இதைத்தான்.

இந்த வெளிச்சத்தில் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலின் செய்முறை மதிப்பெண்ணைப் பாருங்கள். மொத்தம் 30. ஆய்வகத் தேர்வுக்கு 12, செயல்திட்டத்துக்கு 8, பதிவேட்டுக்கு 7, வைவாவுக்கு 3. மாணவர் வாய் திறந்து தன் நிரலை விளக்குவதைவிட, அதை அச்சிட்டுக் கோப்பில் தைப்பதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் விலை. புதிதாகப் பாடம் வகுக்க அமர்பவர்கள் முதல் கூட்டத்திலேயே இந்தப் பதிவேட்டின் ஏழையும் வைவாவின் மூன்றையும் இடம் மாற்றிவிட்டு, அதன்பிறகு எந்த நிரல்மொழி என்று விவாதிக்கட்டும்.