தோற்ற பின்னும் ஓடிய கட்டணம்

புக்கிட் மெர்தாஜாம் சந்திப்பில் ஒரு பாதை பட்டர்வொர்த்துக்கும் மற்றொன்று கெடா வழியே பாடாங் பெசாருக்கும் பிரிகிறது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் ரயில்வே, 1948-இல் மலாயா ரயில்வே, 1992-இல் கேடிஎம் நிறுவனம் எனப் பெயர் மாறிவந்தாலும் வண்டிகளை ஓட்டியது ஒரே நிர்வாகம் என்பதால், சந்திப்பைத் தாண்டும் சரக்கின் கூலியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கு இங்கே எழ இடமில்லை. சந்திப்புக்குச் சந்திப்பு கம்பெனி மாறிய அமெரிக்காவிலோ அவ்வழக்குகள் குவிந்தன.

அங்கே 1887-இல் அமைந்த மாநிலங்களிடை வாணிப ஆணையம், 1906-இன் ஹெப்பர்ன் சட்டத்தால் உச்சக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் பெற்றது. ஆணையத்தின் உத்தரவை முடக்கத் தடையாணை கேட்டுக் கம்பெனிகள் நீதிமன்றம் ஏறியபடியே இருந்ததால், இத்தகைய மனுக்களை மூன்று நீதிபதிகள் விசாரிக்க வேண்டும், மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும் என 1913-இல் சட்டமியற்றப்பட்டது. ஆயினும் ஓர் ஓட்டை எஞ்சியது: மேல்முறையீடு முடியும்வரை உத்தரவின் கதி என்ன?

மேற்கு வர்ஜீனியச் சுரங்கங்களின் நிலக்கரியைக் கிழக்கே நார்ஃபோக் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல 1909-இல் கட்டி முடிக்கப்பட்டது வர்ஜீனியன் ரயில்வே. அந்த நிலக்கரி மேற்கேயும் போக வேண்டுமென்று, பிற கம்பெனிகளின் பாதைகளோடு இணைந்த தொடர்வழியையும், முழுத் தொலைவுக்கும் ஒரே தொகையாக விதித்துக் கம்பெனிகள் பகிர்ந்துகொள்ளும் கூட்டுக் கட்டணத்தையும் ஏற்படுத்துமாறு ஆணையம் உத்தரவிட்டது. அதை எதிர்த்து வர்ஜீனியன் கம்பெனி தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்த மூன்று நீதிபதிகளே, மேல்முறையீடு முடியும்வரை அவ்வுத்தரவை நிறுத்தியும் வைத்தனர். காரணம் எதையும் எழுதவில்லை. தோற்றவருக்கு வென்றவரின் வசதி கிடைத்தது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருளில்லை.

1926-இல் உச்ச நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்பெழுதிய நீதிபதி பிராண்டைஸ், ஈடுசெய்ய முடியாத இழப்பு நேருமெனினும் நிறுத்திவைப்பு மனுதாரரின் உரிமையாகாது, அது நீதிமன்றத்தின் விருப்புரிமை என்றார். ஆணையத்தின் உத்தரவு செல்லும் என்று தானே முடிவுசெய்த நீதிமன்றம் அதை முடக்கிவைக்கக் கனமான காரணம் காட்ட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. நிலக்கரிக்காக எழுந்த இவ்விதியை 2009-இல் நாடுகடத்தலை நிறுத்தக் கோரிய என்கென் வழக்கிலும் அதே நீதிமன்றம் எடுத்தாண்டது.

மலேசியாவில் 1964-ஆம் ஆண்டின் நீதிமன்றங்கள் சட்டத்தின் 73-ஆம் பிரிவும், மேல்முறையீடு செய்ததாலேயே தீர்ப்பின் நிறைவேற்றம் நின்றுவிடாது என்கிறது. நிறுத்திவைக்கச் 'சிறப்புச் சூழல்' வேண்டும். வென்றாலும் பயனற்றுப் போகும் நிலை அதில் ஒன்று. அதைக் காட்டும் பொறுப்பு மேல்முறையீடு செய்தவருடையது.