நிலப்படம் வரையும் கைகள்

ஓர் ஊரின் வரலாற்றை ஆராயப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுவர். நிலப்படமும் அத்தகைய சான்றே. அதனை வரைந்தவர் யார், எதற்காக வரைந்தார், எதை எழுதாது விட்டார் என்பவற்றை அது சொல்லாமற் சொல்லும்.

திண்டுக்கல்லையே எடுத்துக்கொள்வோம். 1755-ல் ஐதர் அலி மைசூர் அரசின் சார்பில் இங்கே படைத்தலைவராக வந்தார். 1792-ல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் இந்நிலப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் விட்டுக்கொடுத்தார். புதிதாகப் பெற்ற நாட்டில் வரி தண்டவும் படை நடத்தவும் கம்பெனியாருக்கு நிலப்படங்கள் வேண்டியிருந்தன. 1794-ல் சென்னையில் நில அளவைப் பள்ளியொன்று எட்டு மாணவர்களுடன் தோன்றியது. கிண்டிப் பொறியியற் கல்லூரி அதன் வழிவந்ததே. 1802 ஏப்ரல் 10-ல் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். ஏறத்தாழ அரை டன் எடையுள்ள தியோடலைட்டுக் கருவியைக் குன்றுகள்மேல் சுமந்தவர்கள் இந்நாட்டுத் தொழிலாளர். அவர்தம் பெயர் எந்தப் படத்திலும் இல்லை. இமயத்தின் உச்சிச் சிகரத்தின் உயரத்தைக் கணித்தவர் வங்காளத்து இராதாநாத் சிக்தார். சிகரத்துக்கு நிலைத்ததோ எவரெஸ்ட் என்னும் அதிகாரியின் பெயர்.

படம் அரசின் உடைமையாகவும், உழைத்தவர் பெயரற்றவராகவும் இருந்த அந்நிலை நம் காலத்தில் மாறத் தொடங்கியது. 2002-ல் கேரி ஷெர்மன் என்பார் கியூஜிஐஎஸ் என்னும் நிலப்பட மென்பொருளைத் தொடங்கினார். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட், எவரும் வரையலாம், எவரும் பயன்படுத்தலாம் என்ற நெறியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை நிறுவினார். இவற்றின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. அதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். 2015 திசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, நீர் சூழ்ந்த தெருக்களைத் தன்னார்வலர் குறித்தது இத்தகைய திறந்த படத்தின்மீதேயாம். 2021 பிப்ரவரியில் இந்திய அரசும் விதிகளைத் தளர்த்தி, பாதுகாப்புக்குரிய சிலவற்றை நீக்கி, இந்தியர் முன் அனுமதியின்றியே நிலப்படம் ஆக்க வழிசெய்தது.

ஆயினும் ஒரு குறை நெடுநாள் நின்றது. கொடைக்கானல் என்னும் பெயரைப் பாருங்கள். 'கொ' என்பதில் கொம்பு ககரத்தின் இடப்பக்கமும், கால் வலப்பக்கமும் நிற்க வேண்டும். எழுத்துகளை வெறுமனே வரிசையாக அடுக்கிய சில இணைய நிலப்பட மென்பொருள்களில் கொம்பு இடம்மாறிப் பெயர் சிதைந்து தோன்றியது. தமிழ் அறியாத நிரலாளர் கண்ணுக்கு இது பிழையாகவே படாது. படித்த அளவில் உணர்பவர் நீங்களே.

ஆதலின் நிரல் எழுதக் கற்கும் இளைஞர்க்கு இங்கே பணி காத்திருக்கிறது. பிழையைக் கண்டு தெளிவாக எழுதியனுப்புவதே முதற்பணி. திரையில் வரும் சொற்களைத் தமிழாக்குவது அடுத்தது. 'டிண்டிகல்' என்று தேடினும் 'திண்டுக்கல்' என்று தேடினும் ஒரே ஊரைக் காட்டும் தேடுநிரலைச் செப்பஞ்செய்வது அதனினும் பெரிது. வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைச் சிற்றூர்களின் குளங்களையும் கண்மாய்களையும் களத்தில் நின்றே கைப்பேசியில் பதிய எளிய கருவி அமைக்கலாம். நீங்கள் அனுப்பும் திருத்தத்தை அனுபவமுள்ளோர் ஆராய்வர், குறையிருப்பின் சுட்டுவர், ஏற்றுக்கொண்டால் உங்கள் பெயரும் நாளும் அந்நிரலின் வரலாற்றில் பதிவாகும்.

தியோடலைட்டைச் சுமந்தவர்க்குக் கிட்டாத உரிமை இது. அதனைப் பயன்படுத்த முன்வாருங்கள். நும் ஊரின் பெயரை நும் மொழியில் பிழையின்றி உலகம் படிக்கச் செய்யுங்கள்.