முரளி எந்தத் தோட்டம்?

தலவாக்கலையில் ஏறிய பஸ் லிந்துலை, அக்கரப்பத்தனை கடந்து டயகமவில் இறக்கிவிட்டபோது மழை விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. லயத்துக்கும் கொழுந்து மடுவத்துக்கும் நடுவில் சரிந்து கிடந்த ஒரு துண்டு நிலத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். டென்னிஸ் பந்து, அதில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பள்ளத்துப் பக்கம் அடித்தால் அவுட். தேயிலைக்குள் போன பந்தைத் தேடுவதற்கே பாதி நேரம் போய்விடும் என்பதால் அவர்களே வைத்துக்கொண்ட சட்டம் அது.

ஒருவன் மணிக்கட்டைத் திருப்பி நல்ல சுழல் போட்டான். பேச்சுக் கொடுத்தேன். முரளிதரனைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் அவன் கேட்டான்: "அக்கா, முரளி எந்தத் தோட்டம்?"

மலையகத்தில் புதிதாக யாரைக் கண்டாலும் நாங்கள் முதலில் கேட்பது அதுதான். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

முரளியின் தாத்தா பெரியசாமி சின்னசாமி 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பிற்காலத்தில் இந்தியாவுக்கே திரும்பி, திருச்சிராப்பள்ளியில் மகள்மாருடன் இருந்தார். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்ததும், 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக்கொண்டதும், தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் சனம் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்ததும் அந்தத் தலைமுறையின் காலத்தில்தான். சின்னசாமியின் மகன் முத்தையா இங்கேயே தங்கினார். கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் பிஸ்கட் தொழில் நடத்தினார். அவருடைய நான்கு ஆண் பிள்ளைகளில் மூத்தவர்தான் 1972 ஏப்ரல் 17இல் பிறந்த முரளிதரன்.

பிள்ளைக்கு ஐந்து வயதாக இருந்தபோது 1977 கலவரம் வந்தது. தங்கள் தொழிற்சாலை எரிக்கப்பட்டதையும் தகப்பன் தாக்கப்பட்டதையும் முரளி பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தொழிலைத் திரும்பவும் கட்டியெழுப்பினார்கள்.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் முரளி முதலில் மிதவேகப் பந்துவீச்சாளர். பதினான்கு வயதில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ சுழலுக்கு மாறச் சொன்னார். 1990-91 பருவத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்து, ஆண்டின் சிறந்த பாடசாலை வீரரானார். பிறகு கொழும்பில் தமிழ் யூனியன் கழகம்.

இதுவரை ஏறுமுகம்தான். 1991இல் இலங்கை 'ஏ' அணியோடு இங்கிலாந்து போனார். ஐந்து போட்டி ஆடி ஒரு விக்கெட்கூட எடுக்கவில்லை. எத்தனையோ பேரின் கதை அந்த இடத்தில் முடிந்துபோயிருக்கிறது. அடுத்த வருடம் ஆலன் போர்டரின் ஆஸ்திரேலிய அணி வந்தபோது ஒரு பயிற்சிப் போட்டியில் கண்ணில் பட்டார். 1992 ஆகஸ்ட் 28, கெத்தாராம மைதானம், முதல் டெஸ்ட். முதல் விக்கெட் கிரெக் மெக்டெர்மொட்.

மற்றது மெல்பேர்ன். 1995 டிசம்பர் 26, ஐம்பத்தைந்தாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவருக்குள் ஏழு முறை 'நோபோல்' என்று கை நீட்டினார். பந்து வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாளில் பிரிஸ்பேனில் ரோஸ் எமர்சன் அதையே சொன்னார். 1999 ஜனவரியில் அடிலெய்டில் அதே எமர்சன் மறுபடியும் சொன்னபோது ரணதுங்க அணியையே எல்லைக்கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த நாட்களில் நாட்டுக்குள் நடந்துகொண்டிருந்ததை எல்லோரும் அறிவோம். ஒரு சிங்களத் தலைவர் ஒரு மலையகத் தமிழ்ப் பையனுக்காக ஆட்டத்தையே நிறுத்தினார் என்பதும் அதே நாட்களில் நடந்ததுதான்.

எறிதல் என்றால் என்ன? கை மடங்கியிருப்பது குற்றமில்லை. மடங்கிய முழங்கை, பந்தை விடும் கணத்தில் நிமிரக்கூடாது. முரளியின் கை பிறவியிலேயே முழுதாக நிமிராது. அதோடு தோளும் மணிக்கட்டும் அசாதாரணமாகச் சுழல்வதால், நிமிராத கை நிமிர்வதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது. 1996இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் செய்த சோதனைகள் இதைத்தான் சொல்லின. 2004இல் அவருடைய 'தூஸ்ரா' பந்து மீது முறைப்பாடு போனது. ஆஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹோவர்டே அவர் எறிகிறார் என்றார். அந்த ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முரளி போகவில்லை. கை அசையாதபடி உறை மாட்டிக்கொண்டு கமெராவுக்கு முன்னால் அதே பந்துகளை வீசிக் காட்டினார். நவீனக் கருவிகளால் அளந்தபோது, சுத்தமானவர்கள் என்று பெயரெடுத்த வேகப் பந்துவீச்சாளர்களின் முழங்கையும் கொஞ்சம் நிமிர்வது தெரிந்தது. 2005இல் எல்லோருக்கும் 15 பாகை என்று விதி மாறியது.

பேஸ்போலில் இந்தச் சண்டையே கிடையாது. அங்கே எறிவதுதான் வேலை. 2008இல் உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் பையன்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் ஒரு தொலைக்காட்சிப் போட்டி மூலம் தேர்ந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் கொடுத்தது. இருவரும் மேஜர் லீக் வரை போகவில்லை. கை மட்டும் போதாது என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மீதியை எண்கள் சொல்லும். 1998இல் ஓவலில் ஒரே டெஸ்டில் 16 விக்கெட். 2007இல் கண்டியில் ஷேன் வோர்னின் 708ஐத் தாண்டினார். 2010 ஜூலை 22, காலி மைதானம். 792 விக்கெட்டோடு கடைசி டெஸ்டுக்கு இறங்கியவர், கடைசிப் பந்தில் பிரக்யான் ஓஜாவை ஆட்டமிழக்கச் செய்து 800ஐத் தொட்டார். 133 டெஸ்ட்.

இதை வாசிப்பவர்களில் பலருக்கு இந்தப் பெயர் இனிக்காது, தெரியும். 2013இல் டேவிட் கமரூன் யாழ்ப்பாணம் வந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைச் சந்தித்தபோது, அவர் தவறாக வழிநடத்தப்பட்டார் என்று முரளி சொன்னார். 2009ஆம் ஆண்டைத் தன் மகிழ்ச்சியோடு சேர்த்து 2019இல் அவர் பேசியது அதைவிட வலித்தது. இரு பக்கமும் சாவு நின்றதைத்தான் சொன்னேன் என்று பிறகு விளக்கினார். 2020இல் '800' படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகினார். படம் 2023இல் வேறு நடிகரோடு வந்தது. என் பார்வையில், தகப்பன் தாக்கப்பட்டதைப் பார்த்த பிள்ளையின் பயமும் ராஜபக்சக்களின் பக்கத்தில் நின்ற பெரிய மனிதரின் பேச்சும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. விக்கெட்டுக்காக மற்றதை மன்னிக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

ஆனால் டயகமவில் என்னைக் குடைந்தது வேறு. முரளிக்குப் பிறகு இங்கிருந்து ஏன் இன்னொருவர் வரவில்லை? அவர் ஆடத் தொடங்கியபோது தகப்பன் தோட்டத்தை விட்டு வெளியே வந்திருந்தார். பாடசாலையில் தோல் பந்து இருந்தது, புல் மைதானம் இருந்தது, கற்றுக்கொடுக்க ஆள் இருந்தார், அதன் பிறகு கொழும்பில் ஒரு கழகம். இங்கே சமதரையே அபூர்வம். முரளி உலகக் கிண்ணம் வென்ற 1996இலும் மலையகத்தில் நாடற்றவர்கள் இருந்தார்கள். 2003இல்தான் அதற்குச் சட்டம் வந்தது. என் அண்ணன் நல்ல சுழல் போடுவான். மாவட்டத் தெரிவுக்குக் கூப்பிட்ட நாளில் சப்பாத்து இல்லாமல் போய், கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தான். இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான்.

பையனிடம், முரளி தோட்டத்தில் இருந்ததில்லை, தாத்தாதான் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர் என்றேன்.

"அப்ப தாத்தா எந்தத் தோட்டம்?" என்று ஆரம்பித்தான். அதற்குள் யாரோ பள்ளத்துப் பக்கம் அடித்துவிட்டார்கள். அவுட்டா இல்லையா என்று சண்டை. நாலு பேர் தேயிலைக்குள் இறங்கிப் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.