பிளாஸ்டீமா வளர்ப்பு

சலமாண்டரின் கால் துண்டிக்கப்பட்டால் புறத்தோல் செல்கள் விரைவில் நகர்ந்து புண்ணை மூடிவிடும். அதன் அடியில் கூம்பு வடிவில் திரளும் செல்கூட்டமே பிளாஸ்டீமா. குருத்தெலும்பும் தசையும் விரல்களும் இதிலிருந்தே மீண்டும் உருவாகின்றன. இந்தத் திசுவை வெட்டியெடுத்து உடலுக்கு வெளியே உயிரோடு வளர்ப்பதே பிளாஸ்டீமா வளர்ப்பு.

இழப்பு மீட்டல் பற்றிய ஆய்வு இதைவிடப் பழையது. சலமாண்டரின் காலும் வாலும் மீண்டும் முளைப்பதை இத்தாலியரான லாசரோ ஸ்பல்லன்சானி 1768-இல் வெளியிட்டார். காலுக்குச் செல்லும் நரம்பை அறுத்தால் மீட்சி நின்றுபோவதை 1823-இல் ட்வீடி ஜான் டாட் கண்டார். நரம்பு என்ன தருகிறது என்ற கேள்விக்கு உயிருள்ள விலங்கில் விடை காண்பது கடினம். அங்கே இரத்தம், தோல், அடிக்கட்டைத் திசு எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் திசு வளர்ப்பு தேவைப்பட்டது. அதற்கு வழி திறந்தவர் ராஸ் ஹாரிசன். உறைந்த நிணநீர்த் துளியில் தவளைக் கருவின் நரம்புத் திசுவை வைத்து, நரம்பிழை நீள்வதை 1907-இல் அவர் காட்டினார்.

1968-இல் டேவிட் ஸ்டோகம் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார். ஒன்று வளர்ப்பூடகத்தில் பிளாஸ்டீமா வேறுபாடடைவதைப் பற்றியது. மற்றொன்று அதே விலங்கின் உடலில் வேறிடத்தில் ஒட்டவைத்த பிளாஸ்டீமாவைப் பற்றியது. பிளாஸ்டீமா தன்னைத்தானே ஒழுங்கமைத்துக்கொள்ளும் அமைப்பு என்பது அவர் முடிவு. ஆயினும் முழுக் காலை வளர்ப்புத் தட்டில் வளர்க்க இன்றுவரை இயலவில்லை.

நரம்பைப் பற்றிய கேள்விக்கு விடை தேடிக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மார்ட்டன் குளோபஸும் ஸ்வானி வெதமனி-குளோபஸும் 1977-இல் செய்த சோதனை இத்துறையின் மிக அழகிய சோதனைகளுள் ஒன்று. நியூட் என்ற சலமாண்டர் வகையின் பிளாஸ்டீமாவை ஒருபுறமும் முதுகுப்புற நரம்பு முடிச்சுகளை மறுபுறமும் வைத்து, நடுவே நுண்துளை வடிதாள் ஒன்றை இட்டனர். அப்படியிருந்தும் பிளாஸ்டீமாவில் செல்பிரிதல் கூடியது. நரம்பின் உதவி, கரைந்து பரவும் ஒரு பொருளாக வரக்கூடும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

அடுத்த கட்டம் திசுத்துண்டிலிருந்து தனிச் செல்களுக்கு நகர்ந்தது. நியூட்டின் பல திசுக்களிலிருந்து செல்களை வளர்க்கும் முறையைப் பட்ரிசியா ஃபெரெட்டியும் ஜெரமி பிராக்ஸும் 1988-இல் விவரித்தனர். பாலூட்டிச் செல்களுக்குரிய ஊடகத்தை நீர்க்கச் செய்து, சீரமும் இன்சுலினும் சேர்த்து, ஜெலட்டின் பூசிய தட்டில் சுமார் 25 டிகிரி செல்சியஸில் நியூட் செல்களை வளர்க்கிறார்கள். பாலூட்டிச் செல்களுக்கோ 37 டிகிரி வேண்டும்.

இச்செல்களால் பெரிய பலன் கிடைத்தது. தட்டில் உருவான தசைக்குழல்களுக்கு, அதாவது பல உட்கரு கொண்ட தசை இழைகளுக்கு, சாயக் குறியிட்டு, வளரும் பிளாஸ்டீமாவுக்குள் செலுத்தியபோது, அவற்றிலிருந்து ஒற்றை உட்கரு கொண்ட செல்கள் தோன்றியது 1993-இல் தெரியவந்தது. முதிர்ந்த தசை பின்னோக்கி மாறக்கூடும் என்பதற்கு இது சான்று. சீரம் பட்டால் நியூட்டின் தசைக்குழல் டிஎன்ஏ இரட்டிப்பைத் தொடங்குகிறது, எலியின் தசைக்குழல் தொடங்குவதில்லை என்று எல்லி தனாகா, பிராக்ஸ் குழு 1997-இல் காட்டியது. குருதி உறைதலில் பங்குபெறும் திராம்பின் இதைத் தூண்டுகிறது என்பதும் 1999-இல் வெளிவந்தது. காயத்துக்கும் மீட்சிக்கும் உள்ள நேரடித் தொடர்பு இப்படி வெளிப்பட்டது.

டாட் எழுப்பிய கேள்விக்கு 2007-இல் ஒரு பகுதி விடை கிடைத்தது. லண்டனில் அனூப் குமார், பிராக்ஸ் உள்ளிட்டோர் என்ஏஜி என்ற புரதத்தை அடையாளம் கண்டனர். அது தட்டில் பிளாஸ்டீமா செல்களைப் பெருகச் செய்தது. நரம்பறுத்த நியூட்டின் காலில் அதன் மரபணுவைச் செலுத்தியபோது காலின் முனைப்பகுதிகளும் வளர்ந்தன.

தட்டில் கிடைத்த முடிவுகளை எல்லாச் சலமாண்டர்களுக்கும் பொதுவாக்க முடியாது. நியூட் தன் தசைநார்களைப் பின்னோக்கி மாற்றுகிறது. ஆக்சலாட்டில் என்ற மற்றொரு சலமாண்டரிலோ புதிய தசை, தசையையொட்டி உறங்கும் துணைச்செல்களிலிருந்து வருகிறது என்று 2014-இல் கண்டறியப்பட்டது.