பதிவேட்டின் நான்கு வரிகள்

தவக்காலத்தின் ஒரு மாலை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின், எம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அலுவலகத்திற்கு வந்தார். வயது எழுபத்தைந்தைக் கடந்தவர். வில்லியனூர்க் கொம்யூனில் பிறந்து, நகரத்துப் பஞ்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். பிரான்சு நாட்டில் வாழும் அவருடைய பேரன், தாத்தாவின் தகப்பனாருடைய திருமுழுக்குச் சான்றைக் கேட்டிருந்தான். முன்னோர் யார் என்று அறியும் ஆவல் அவனுக்கு.

பழைய பதிவேட்டை எடுத்தேன். விளிம்புகள் பொடியும் தாள், பிரெஞ்சுக் குரு ஒருவரின் சாய்ந்த கையெழுத்து, இலத்தீன் மொழி. நெடுநேரம் தேடிய பின் கிடைத்தது. குழந்தையின் பெயர், தாய் தந்தையர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், நாள், குருவின் கையொப்பம் எல்லாம் சேர்ந்து நான்கு வரிகள். படித்துப் பொருள் சொன்னேன். பெரியவர் சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இவ்வளவுதானா சாமி?" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. ஒரு மனிதன் பிறந்தான், மணந்தான், உழைத்தான், செபித்தான், இறந்தான். அவனுடைய கொள்ளுப் பேரனுக்குக் கிடைப்பது நான்கு வரிகள் மட்டும்தானா?

ஏடுகள் பிறந்த கதை

இந்த நான்கு வரிகளையும் எளிதாக எண்ணிவிடலாகாது. திரெந்துப் பொதுச்சங்கம் 1563ஆம் ஆண்டில், பங்குக் குரு ஒவ்வொருவரும் மணமக்களின் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் நாளையும் இடத்தையும் ஏட்டில் எழுதிக் காக்கவேண்டும் என்று விதித்தது. காரணம் என்ன? அந்நாளில் ஐரோப்பாவில் சாட்சியின்றி இரகசியமாக மணம் முடித்தவர் பலர். பின்னர் கணவன், 'இவள் என் மனைவியே அல்ல' என்று கைவிட்டுச் செல்லும்போது, அந்தப் பெண்ணுக்குச் சான்றாக எதுவும் இருப்பதில்லை. திருமணப் பதிவேடு பிறந்தது இந்தக் கண்ணீரிலிருந்து. 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றோடு, பங்கின் குடும்பங்களின் நிலையைக் குறிக்கும் ஏட்டையும் சேர்த்து ஐந்து ஏடுகளை வகுத்துத் தந்தது. ஆகவே பதிவேடு வெறும் கணக்கன்று. எளியோருக்குத் திருச்சபை தந்த காவல்.

ஆயினும் அது சொல்லுவது 'யார்', 'எப்போது' என்பதை மட்டுமே. 'எப்படி வாழ்ந்தார்கள்' என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லவேண்டியவர் குருவானவர் அல்லர், வாழ்ந்தவரே.

நம் மண்ணின் எழுத்துகள்

வருங்காலத்தை நோக்கி எழுதும் வழக்கம் நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. பாகூரில் கிடைத்த செப்பேடுகளை நாம் அறிவோம். 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாய் வழங்கப்பட்ட செய்தியை அவை சொல்கின்றன. அந்த அறம் என்றும் நிலைக்கவேண்டும் என்றே அதைச் செம்பில் வெட்டி வைத்தார்கள். கொடுத்தவர் பெயர் அதில் உண்டு; பெற்றவர் செய்தி உண்டு. ஆனால் அந்த மூன்று ஊர்களிலும் ஏர் பிடித்தவர், நாற்று நட்டவள் ஆகியோரின் பெயர்களைச் செம்பு அறியாது.

ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பின், புதுச்சேரியில் ஒரு வணிகர் தம் கையாலேயே நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 சனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் தம் மூச்சு அடங்கும் காலம்வரை எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளைதான் அவர். கப்பல் வரவு, துணி விலை, ஆளுநர் துய்ப்ளேயின் பேச்சு, ஊர் வம்பு, தம் வீட்டு நன்மை தீமை என அனைத்தையும் பேச்சுத் தமிழிலேயே எழுதிவைத்தார். அவருக்குப் பின் அவருடைய தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை அந்தப் பழக்கத்தைத் தொடர்ந்தார். ஒரு குடும்பத்தில் எழுத்தே முதுசொமாக இறங்கி வந்தது.

அந்த நாட்குறிப்பில் நமக்கு நெருங்கிய கதை ஒன்றும் உண்டு. பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாயிருந்த கனகராய முதலியார் கத்தோலிக்கர். அவருக்கு ஒரே மகன். அந்த மகன் 1739இல் இளமையிலேயே இறந்துபோனான். பிள்ளையை இழந்த தந்தை அரியாங்குப்பத்தில் ஒரு கோவிலைக் கட்டினார். 1745இல் அதன் விழாவுக்கு எல்லாச் சாதியாரையும் அழைத்து விருந்து வைத்தார். அவரவர் அவரவர் வழக்கப்படி தனித்தனியே உண்டனர். மறு ஆண்டு பெப்ருவரியில் அவரும் காலமானார். உடனே சொத்து வழக்கு எழுந்தது. ஒரு பக்கம் அவருடைய தம்பி; மறு பக்கம் அவருடைய மனைவியும், கணவனை இழந்த மருமகளும். பெரியோர் கூடி ஆராய்ந்து, தம்பியே வாரிசு என்றும், பெண்கள் இருவரையும் அவர் பேணவேண்டும் என்றும் தீர்த்தனர். கிறிஸ்தவக் குடும்பத்தின் வழக்கு நாட்டு வழக்கப்படியே முடிந்தது.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் ஓர் எண்ணம் தோன்றும். கனகராய முதலியார் கோவிலை விட்டுச் சென்றார். பொருளை விட்டுச் சென்றார். வழக்கையும் விட்டுச் சென்றார். மகனை இழந்த துயரத்தில் அவருடைய விசுவாசம் எவ்வாறு தள்ளாடி நிலைபெற்றது என்பதை அவர் தம் வாய்மொழியாக நமக்கு விட்டுச் செல்லவில்லை. அவர் மனைவியின் கண்ணீரை ஏற்ற ஏடும் நம்மிடம் இல்லை. அவரை நமக்குக் காட்டுவது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரின் எழுத்து.

ஒரு பெயரின் விலை

எங்கள் பெரியவரின் வீட்டுப் பெட்டியில் இன்னொரு தாள் இருந்தது. அவருடைய பாட்டனாரின் தகப்பனார் தம் சொந்தச் சட்ட வழக்கைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றதற்கான சான்று அது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை இதற்கு வழி திறந்தது. இதற்காக வாதாடியவர்களுள் முதன்மையானவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல், ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து நீதிமன்றத்திற்கு வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரீசு வரை சென்று வென்றவர். பின்னர் லபோர்த்து என்னும் குடும்பப் பெயரைத் தாங்கியவர். துறந்தவர் ஒவ்வொருவரும் தமக்கும் தம் வழித்தோன்றல்களுக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ளவேண்டும். சாதியைச் சுட்டாத ஒரு பெயர். பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட ஒரே ஒரு சொல். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்டோரும் பெருமளவில் இதை நாடியதன் பொருளை நாம் எண்ணிப்பார்க்கவேண்டும்.

உழைப்பின் வரலாறும் அப்படியே. 1936 சூலை 30ஆம் நாள், புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் உயிர் நீத்தனர். அவர்கள் சிந்திய குருதியின் பின்னரே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. நம் வில்லியனூர் மாதாவுக்கு 1886இல் முடிசூட்ட இசைவளித்த திருத்தந்தை 13ஆம் சிங்கராயர்தாம், 1891இல் தொழிலாளரின் நியாயமான கூலியைப் பற்றிச் சுற்றுமடல் எழுதினார். மாதாவின் முடியும் தொழிலாளியின் கூலியும் ஒரே திருத்தந்தையின் கவலைகள் என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறோம்?

தோபித்தின் வழி

விவிலியத்தில் தோபித்து நூலின் 4ஆம் அதிகாரத்தை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். பார்வை இழந்த தோபித்து, தாம் இறந்துவிடுவோம் என்று எண்ணுகிறார். அப்போது அவர் நினைவுக்கு வருவது, தொலைவில் ஒருவரிடம் ஒப்படைத்திருந்த பணம். அதைச் சொல்லவே மகனை அழைக்கிறார். ஆனால் மகன் வந்து நின்றதும் பேச்சு வேறு திசையில் போகிறது. முதலில் தாயைப் பற்றிச் சொல்கிறார்: அவள் உன்னைச் சுமந்தபோது பட்ட ஆபத்துகளை மறவாதே என்கிறார். பிறகு தருமம், மனைவியைத் தேர்வது, உழைத்தவனின் கூலியை மறுநாள்வரை நிறுத்திவைக்காமை ஆகியவை வருகின்றன. பணத்தின் செய்தி கடைசியில்தான் வருகிறது. திருமணம், உழைப்பு, விசுவாசம் ஆகிய மூன்றையும் பற்றித் தந்தை மகனுக்கு விட்டுச் சென்ற உயில் அது.

இதை அந்தப் பெரியவரிடம் சொன்னேன். "பேரனுக்கு நீங்களே எழுதுங்கள். பதிவேட்டில் இல்லாததை எழுதுங்கள்" என்றேன். "நான் என்ன பெரிய மனுஷனா சாமி, எழுதுறதுக்கு?" என்று சிரித்தார். செப்பேட்டில் இல்லாத உழவனின் கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

விண்ணேற்பு அன்னையின் விழாவுக்குப் பின் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்துடன் வந்தார். நாற்பது பக்கம். திருமணத்தைப் பற்றிய பகுதியைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, ஊரார் வாழ்த்த நடந்த திருமணம். ஆனால் இரண்டாம் ஆண்டில், சம்பள நாட்களில் குடித்துவிட்டு வந்த கணவனைப் பொறாமல், மனைவி பாகூர்ப் பக்கம் தாய் வீட்டுக்குப் போய் எட்டு மாதம் இருந்திருக்கிறார். குற்றம் தம்முடையதே என்று எழுதியிருக்கிறார். மிதிவண்டியில் அங்குப் போய் நின்றபோது மாமனார் திட்டாமல் சோறு போடச் சொன்னதையும், மனைவி சம்பளக் கவரைக் கேட்டுப் பிரிக்காமலே பெட்டியில் வைத்ததையும் எழுதியிருக்கிறார். திருமண ஆயத்த வகுப்புகளில் இத்தனை ஆண்டுகளாக நான் பேசியவை அந்த ஒரு பக்கத்திற்கு ஈடாகுமா என்று எண்ணினேன்.

கடைசிப் பகுதி விசுவாசத்தைப் பற்றியது. சிறுவனாய் இருந்தபோது கோவிலில் தம் தெருவார் ஒரு பக்கமாகத் தனியே உட்கார்த்தப்பட்டதையும், இறந்தவர்களுக்கும் தனி இடமே கிடைத்ததையும் எழுதியிருந்தார். "இந்தக் கோயில் அவங்களுது இல்லடா, ஆண்டவரோடது" என்று தம் தாய் சொன்ன சொல்லே தம்மை இன்றுவரை திருச்சபையில் நிறுத்தியது என்றும் எழுதியிருந்தார்.

அன்பர்களே, இங்கே என் குறையைச் சொல்லியாக வேண்டும். "தொலைவில் வாழும் பேரன் இதைப் படித்து இடறல்படுவானே, இந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடலாமே" என்றேன் நான். பெரியவர் கோபப்படவில்லை. "என் குத்தத்தை எழுதலாம், கோயிலோட குத்தத்தை எழுதக் கூடாதா சாமி? அதை எடுத்துட்டா எங்கம்மா சொன்னது எதுக்குன்னு அவனுக்குப் புரியாதே" என்றார்.

எனக்கு அப்போது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு நினைவுக்கு வந்தது. 1745 அக்டோபரில் அவர் ஒரு செய்தியை எழுதுகிறார். புதுச்சேரிச் சம்பாக் கோவிலுக்குள், ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவரைப் பிறரிடமிருந்து பிரித்து ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் தூண்ட, அந்த மக்கள் பெரிய குருவிடம் முறையிட்டனர், சுவர் இடிக்கப்பட்டது, மற்றவர் சினந்தனர். நம் சமயத்தவர் அல்லாத ஒருவர் மறைக்காமல் எழுதிவைத்ததால், அந்தச் சுவரை மட்டுமன்று, 'நாங்களும் ஆண்டவரின் பிள்ளைகள்தாமே' என்று எழுந்து கேட்ட மக்களின் துணிவையும் இன்று அருகிருந்து காண்கிறோம். சுவரை மறைத்திருந்தால் அந்தத் துணிவும் மறைந்திருக்கும். திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல், 2000ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள், திருச்சபையின் மக்கள் செய்த பிழைகளுக்காக உலகறிய மன்னிப்பு வேண்டினாரே! தலைவர் மறைக்காததைப் பங்குக் குரு நான் ஏன் மறைக்க எண்ணினேன்?

"அந்தப் பக்கம் இருக்கட்டும் ஐயா. என்னை மன்னியுங்கள்" என்றேன். நோட்டை வாங்கித் திருமுழுக்குச் சான்றோடு சேர்த்து உறையில் இட்டேன். நான்கு வரிகளும் நாற்பது பக்கங்களும் ஒன்றாகப் பயணப்பட்டன.

நம் இல்லங்களில் எத்தனை பெட்டிகள் ஊமையாய்க் கிடக்கின்றன! பிள்ளைகளுக்கு வீடு எழுதிவைக்கிறோம், மனை எழுதிவைக்கிறோம். எப்படி இணைந்தோம், எதற்காக உழைத்தோம், எந்த இருளில் யாருடைய சொல்லைப் பற்றிக்கொண்டு நடந்தோம் என்பதையும் எழுதிவைப்போம். எழுதத் தெரியாத பாட்டிமார் சொல்லட்டும், பேத்தி எழுதட்டும். கனகராய முதலியாரின் மனைவிக்கு வாய்க்காதது நம் வீட்டுப் பெண்களுக்காவது வாய்க்கட்டும். பெருமையை மட்டும் எழுதவேண்டாம். வீழ்ந்ததையும் எழுந்ததையும் சேர்த்தே எழுதுவோம். ஆண்டவர் நம்மைத் தூக்கிவிட்ட இடம் அதில்தான் இருக்கிறது.

வரும் கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றும்போது, அந்தக் குழிக்குள் நாம் எழுதாமல் விட்ட ஏடு ஒன்று உறங்குகிறது என்பதை நினைப்போம். உயிரோடிருக்கும் முதியோரிடம் அன்று மாலையே போய் உட்காருவோம்.